மயிலம்மாள் அவர்கள் அசையவில்லை

ஆட்டையாம்பட்டிச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண்தடம், மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடுகளுக்குள் புகுந்து வளைந்து வளைந்து போய், இதற்கு மேல் என்னால் ஆகாது என்று நின்றுவிடும். நின்ற இடத்தில், ஜவ்வரிசி செய்கிற ஒரு பழைய சேகோ பேக்டரி. சபரிநாதன் தன் மொபெட்டை உருட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. வண்டியை உருட்டியதற்குக் காரணம் பெட்ரோல் இல்லாததல்ல, பிரேக் இல்லாதது. அன்றைக்கு அவன் அந்த ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேரப் போகிறான்.

இதிலுள்ள வேடிக்கை அவனுக்கும் தெரியாமல் இல்லை. சுவரில் பல்லி ஓடினால் கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆள் அவன். அப்படிப்பட்டவன் தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ வாங்கியிருந்தான். "பயப்படறதுக்குச் சம்பளம் குடுக்கற வேலை ஒலகத்துலயே இது ஒண்ணுதான். எனக்குன்னே செஞ்சு வெச்சிருக்காங்க" என்று தங்கை நித்யஸ்ரீயிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரன் மோகன்குமார் அதே ஆலையில்தான் மோட்டார், பம்பு பார்க்கிறான். ஓடுகிற மோட்டாரின் பெல்ட்டைக் கையால் தள்ளிப் பூட்டுகிறவன். கரண்டு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறவன்.

"அண்ணா, அவரு எதுக்கும் பயப்படமாட்டாரு. அதுதான் எனக்குப் பயம். சாயங்காலமானா அவரை முழுசா ஊட்டுக்கு அனுப்பி உடு. வேற ஒண்ணும் உங்கிட்ட கேக்கல" என்றாள்.

வாசலில் நுழைந்ததும் முதலில் வரவேற்றது வாசனைதான். நாலைந்து நாள் மறந்துபோன தோசை மாவைத் திறந்தால் வருமே, அந்தப் புளிப்பு. அதற்கடியில், பாய்க்கு அடியில் பாம்பு கிடப்பதுபோல, வேறொரு நாற்றம் மெல்லப் படுத்திருந்தது.

முதலாளி ரஹமத்துல்லா பாய் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறவர். பூட்டிக் கிடந்த ஆலையை வாங்கி ஓட்ட ஆரம்பித்து இன்னும் ஒரு பருவம் முழுதாக முடியவில்லை. அவரே சபரியைக் கூட்டிக்கொண்டு ஆலையைச் சுற்றிக் காட்டினார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கிழங்குத் தோல் உரிக்கிற கொட்டகை, அரைவை இயந்திரம், மாவுப்பால் தெளிகிற தொட்டிகள், சேகோ வறுக்கிற சூடான தகடுகள், காயப்போடுகிற களம். களத்துக்கு அப்பால் வேலமரங்களின் நிழலில் கனமான பலகைகள் போட்டு மூடிய ஒரு குழி. அங்கே மட்டும் அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"இந்த ஆலை ஏன் பூட்டிக் கிடந்துச்சுன்னு தெரியுமா தம்பி?"

"நஷ்டமுங்களா?"

"நஷ்டந்தான். ரெண்டு உசுரு."

கழிவுநீர் அடைத்துக்கொண்டது என்று பழைய முதலாளி காலத்தில் ஒருவர் அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறார். இறங்கியதும் சத்தமில்லாமல் சுருண்டுவிட்டார். தோல் உரித்துக்கொண்டிருந்த ஆத்தாயி என்ற பெண் ஓடிவந்து, அவரைத் தூக்கலாம் என்று ஏணியில் இறங்கினாள். அவளுக்கும் தலை சுற்றிவிட்டது.

"மேல நிறைய பேரு நின்னாங்களாம். 'ஒரு கை குடுங்க, ஒரு கை குடுங்க'ன்னு ரெண்டு கையையும் நீட்டிக் கேட்டுச்சாம் அந்தப் பொண்ணு. ஒருத்தரும் குனியலை."

"குனிஞ்சிருந்தா அவங்களும் போயிருப்பாங்க. உள்ள இருக்கறது விஷக்காத்துங்க" என்றான் சபரி. படித்தது வாய்க்கு வந்துவிட்டது.

பாய் அவன் பக்கம் திரும்பினார். "சரிதான். ஆனா சரின்னு தெரிஞ்சதுக்கப்புறமும் அவங்களுக்குத் தூக்கம் வரணுமில்ல தம்பி?"

சபரி மூடிய பலகைகளைப் பார்த்தான்.

"புதுத் தொட்டி கட்டி முடியற வரைக்கும் இதை வெச்சுத்தான் ஓட்டணும். பம்பு வெச்சு இறைச்சுக்கலாம். ஆனா எவனும் இதுக்குள்ள இறங்கக் கூடாது. என் காலத்துல ஒரு மையித்து, ஒரு பொணம் இங்கிருந்து போகக் கூடாது. அதுக்குத்தான் நீ."

அதற்குத்தான் பட்டைகளும். பாயின் மகள் தஹ்சீன் இன்ஜினியரிங் படித்தவள். எங்கெங்கோ விசாரித்து, வேலை செய்கிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் கருவிகளை வரவழைத்திருந்தாள். கைக்கடிகாரம் மாதிரி ரப்பர் வார், நடுவில் கறுப்பாக ஒரு வில்லை. கெட்ட காற்று அடித்தால் மணிக்கட்டில் துடிக்கும். கட்டியிருக்கிறவர் சற்று நேரம் அசையாமல் கிடந்தால், கொட்டகைக் கூரையிலுள்ள ஒலிபெருக்கி அவர் பெயரையும் இடத்தையும் உரக்கச் சொல்லும். அந்தக் குரலையும் தஹ்சீனே பதிவு செய்திருந்தாள். மரியாதை தெரிந்த பெண். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு பதவிசாக இருக்கும்.

பட்டையைப் பார்த்ததும் உரிக்கிற கூட்டத்துக்குத் தலைவியான மயிலம்மாள் கேட்டாள், "ஏனுங் சார், வாரு மட்டுந்தான் குடுப்பீங்களா? மணியெல்லாம் கட்டி உடமாட்டீங்களா?"

"எதுக்குங்க மணி?"

"மாட்டுக்குக் கட்டுனா மணியோடதானுங் கட்டுவோம்."

கொட்டகையே சிரித்தது. சபரியும் சிரித்தான். தன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் சேர்ந்து சிரித்துவிடுவது அவனுடைய பழைய தற்காப்பு.

மறுநாள் மதியம் சோறு உண்டு முடித்த அமைதியில் ஒலிபெருக்கி வாய் திறந்தது.

"மயிலம்மாள் அவர்கள் அசையவில்லை. இடம், உரிக்கும் கொட்டகை. தயவுசெய்து உடனே சென்று பாருங்கள்."

சபரி முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வழியில் ஒரு செருப்பு கழன்று போயிற்று. போய்ப் பார்த்தால் மயிலம்மாள் சாக்கு மேல் கையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செத்த கண்ணை மூடுனா ஊருக்கே டமாரம் போடறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

அதற்கடுத்த நாளும் அதுவேதான். ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு 'அவர்கள்' அசையாமல் போனார்கள், சபரி ஓடினான்.

ஆனால் ஒருநாள் ஒலிபெருக்கி பாப்பாயி பெயரைச் சொன்னது, வறுக்கும் இடம் என்றது. எல்லோரும் தூக்கம்தான் என்று சிரித்துக்கொண்டிருக்க, பழக்க தோஷத்தில் ஓடிய சபரி மட்டும் பார்த்தான். சூட்டில் மயங்கிய பாப்பாயி தகட்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் விழுந்து கிடந்தாள். தூக்கி வெளியே கிடத்தி, தண்ணீர் தெளித்து, சேலத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். இரண்டு நாளில் அவள் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் பட்டையைப் பற்றிக் கேலி பேசவில்லை. சபரியைப் பற்றிப் பேசினார்கள், அது வேறு கணக்கு.

ஒன்று மட்டும் உறுத்தியது.

குழிப் பக்கம் போய் வருகிறவர்கள் பட்டையைத் தடவிக்கொண்டே வந்தார்கள். "துடிக்கலீங் சார். புடிக்குது" என்றார்கள். கெட்ட காற்று லேசாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சபரி விளக்கம் சொன்னான். விளக்கம் சொல்ல அவனிடம் எப்போதும் சரக்கு உண்டு. பிறகு ஒரு சாயங்காலம் பலகைகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்க்க அவனே போனான். குனிந்தபோது பட்டை துடிக்கவில்லை.

பிடித்தது.

வாருக்கு மேலே, சுற்றிலும், ஒரு கை பிடிக்கிற மாதிரி. அந்தப் பிடியில் ஈரம் இருந்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. மோகன்குமாரிடம் மட்டும் டீக்கடையில் பட்டும் படாமல் எடுத்து விட்டான்.

மோகன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. "மச்சான், இதுக்கு என்னத்துக்கு யோசிக்கறீங்க? பேய்க்கும் ஒரு பட்டையைக் கட்டி உட்டுருங்க. அசையுதா இல்லையான்னு தெரிஞ்சுரும்."

"நீங்க அந்தப் பக்கம் தனியாப் போவாதீங்க மாப்ள. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"சரீங்க ஆபீசர்" என்று மோகன் சல்யூட் அடித்தான். அவன் மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் சிவந்து தடித்திருந்தது. "அரிக்குதுங் மச்சான் இந்தச் சனியன்" என்று சொறிந்துகொண்டே போனான்.

அந்த வாரத்திலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. மதிய நேரத்து அறிவிப்புகள் நின்றுபோயின. மயிலம்மாள் அசைந்துகொண்டே இருந்தாள். மோகன் ஓயாமல் அசைந்தான். சபரி அலுவலக அறையில் பட்டைகளின் அசைவைக் காட்டும் கணினித் திரையைப் பார்த்து உச்சி குளிர்ந்தான். தஹ்சீனைப் போனில் கூப்பிட்டு, "நம்ம பயிற்சி வேலை செய்யுதும்மா. ஜனங்க திருந்திட்டாங்க" என்று சொன்னான். நித்யஸ்ரீயிடமும் சொன்னான். கண்ணாடி முன்னால் நின்று தனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டான்.

கார்த்திகை மாதத்து மப்பு நாள் அது. மதியமே விளக்கு வைக்கிற நேரம் போல இருண்டு கிடந்தது. சோற்று வேளை முடியும் முன்பே கரண்டு போயிற்று. அரைவை இயந்திரத்தின் இரைச்சல் நின்றதும், அதற்கடியில் அதுவரை கேட்காமல் இருந்த சத்தங்களெல்லாம் தலை தூக்கின. கூரைத் தகரம் நெளியும் சத்தம். தெளிதொட்டியில் சொட்டுகிற சத்தம். களத்துக்கு அப்பால் பலகையை யாரோ நகர்த்துகிற மாதிரி, கர்ரென்று, ஒரு சத்தம்.

பேட்டரியில் ஓடுகிற ஒலிபெருக்கி பேசியது.

"மயிலம்மாள் அவர்கள் அசையவில்லை. இடம், கழிவுக் குழி. தயவுசெய்து உடனே சென்று பாருங்கள்."

கொட்டகை என்று சொல்லவில்லை. கழிவுக் குழி என்றது.

சபரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. களத்தின் பாதியைத் தாண்டும் முன் மறுபடியும் அந்தப் பதவிசான குரல்.

"மோகன்குமார் அவர்கள் அசையவில்லை. இடம், கழிவுக் குழி. தயவுசெய்து..."

மீதி அவன் காதில் விழவில்லை. ஒரு பெண் உள்ளே விழுந்திருக்கிறாள். எதற்கும் பயப்படாத ஒருவன் அவளைத் தூக்க இறங்கியிருக்கிறான். முன்பு நடந்தது அப்படியே திரும்ப நடந்திருக்கிறது. அதைத் தடுப்பதற்கென்றே வைத்த ஆள், தான், மின்விசிறி இல்லாமல் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

வேலமரத்தடிக்கு வந்தான்.

ஒரு பலகை விலகியிருந்தது.

அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. பட்டை இந்தமுறை நிஜமாகவே துடித்தது, கையே நடுங்குகிற அளவுக்கு. உள்ளே கன்னங்கரேலென்று இருட்டு. பக்கத்தில் போகாதே, உள்ளே இருப்பவனுக்குக் கை கொடுக்காதே, கயிறோ கழியோ கொடு, ஆட்களைக் கூப்பிடு. இதையெல்லாம் அவன்தான் வாராவாரம் எல்லோருக்கும் ஒப்பித்திருக்கிறான்.

உள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சான்."

மோகனின் குரல்.

"மச்சான், ஒரு கை குடுங்க."

ஒப்பித்ததெல்லாம் எங்கே போயிற்றோ. சபரி மண்டி போட்டான். "மாப்ள, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றான். நித்யஸ்ரீயின் முகம் வந்தது, முழுசா அனுப்பி உடு என்ற குரல் வந்தது. விளிம்பில் வயிற்றை வைத்துப் படுத்தான். வலது கையை இருட்டுக்குள் விட்டான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

நாற்றம் சட்டென்று நின்றது.

அவன் படித்திருக்கிறான். நாற்றம் அடிக்கிற வரைக்கும் பிழைக்க வழியிருக்கிறது. நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

விரல் நுனியில் இன்னொரு விரல் பட்டது.

குளிர்ந்து, வழவழவென்று, மாவுப்பால் ஊறிய விரல்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரோ அவன் சட்டைக் காலரைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்து, களத்து மண்ணில் மல்லாக்கப் போட்டார்கள். மூச்சு முட்டக் கண்ணைத் திறந்தான். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான் மோகன்குமார். தலையில் வைக்கோல், கண்ணில் தூக்கம்.

"உங்களுக்குக் கிறுக்கா மச்சான்? குழிக்குள்ள யாரைத் தேடறீங்க?"

சபரி எழுந்து உட்கார்ந்தான். மோகனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். வெறும் கை. பட்டை இல்லை.

களத்தின் மறுமுனையிலிருந்து உரிக்கிற பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் மூச்சிரைக்க வந்தவள் மயிலம்மாள். அவள் கையிலும் பட்டை இல்லை.

"பட்டை எங்கே?" என்று ஒருவழியாகக் கேட்டான்.

மயிலம்மாள் முந்தானையைச் சுருட்டினாள். மோகன் வேலமரத்தைப் பார்த்தான். பிறகு முணுமுணுப்பாக விஷயம் வெளியே வந்தது. மதியத்தில் கண்ணயரலாம் என்றால் ஒலிபெருக்கி விடவில்லை. ஓயாமல் அசைகிற ஜீவன் எது என்று யோசித்திருக்கிறார்கள். கிழங்கு அரைத்துக் காய்ந்த திப்பிச் சக்கையைத் தின்ன ஆலைக்குள் சுற்றுகிற மயிலம்மாளின் கறுப்பு வெள்ளாடு நினைவுக்கு வந்திருக்கிறது. அவளுடைய பட்டையையும் மோகனுடைய பட்டையையும் ஒன்றோடொன்று கோத்து, ஒரே மாலையாக்கி, தினமும் சோற்று வேளையில் ஆட்டின் கழுத்தில் போட்டுவிடுவார்களாம். ஆடு மேயும். இருவரும் தூங்குவார்கள். திரையைப் பார்த்துச் சபரி உச்சி குளிர்வான்.

"அப்ப ஆடுதான் உள்ள உழுந்துருச்சு" என்றான் மோகன். "பாவம் வாயில்லா ஜீவன்."

திப்பிக் குவியலுக்குப் பின்னாலிருந்து கறுப்பு வெள்ளாடு அசை போட்டுக்கொண்டே வந்தது. எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. அதன் கழுத்தில் ஒன்றுமில்லை.

மயிலம்மாள் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மாப்ள, நீங்க என்னைக் கூப்பிட்டீங்களா?" என்று சபரி மெல்லக் கேட்டான்.

"நான் வைக்கப்போர்ல தூங்கிட்டு இருந்தனுங். உங்க சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சு வந்தேன்."

குழிக்குள்ளிருந்து அப்போது குரல் வந்தது. இப்போது மோகனின் குரலில் இல்லை.

"ஒரு கை குடுங்க சாமி."

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்கும் பயப்படாத மோகன், சபரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பாய் வந்தார். யாரும் பக்கத்தில் போகாமல், நீளக் குழாய் விட்டுக் கழிவையெல்லாம் இறைத்து எடுத்தார்கள். காற்றடிக்கிற இயந்திரம் ஒன்றைச் சேலத்திலிருந்து கொண்டுவந்து, உள்ளேயிருந்த காற்று மாறும்வரை ஓடவிட்டார்கள். பட்டைகள் துடிப்பதை நிறுத்திய பிறகுதான் சபரி விளிம்புப் பக்கம் போனான். அப்போதும் இடுப்பில் கயிறு. மறுமுனை மோகன் கையில்.

டார்ச் வெளிச்சத்தில் அடி தெரிந்தது. வெள்ளையாக, கெட்டியாக, தயிர் மாதிரி சேறு. அதன் மேல் இரண்டு பட்டைகள்.

கோத்த மாலையாக இல்லை. தனித்தனியாக, ஒவ்வொன்றும் கடைசித் துளைவரை இறுக்கிப் பூட்டி, வட்டமாக நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு சின்ன வட்டம் ஒரு மெலிந்த பெண்ணின் மணிக்கட்டுக்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் நடுவே, மேலே பார்த்து இரண்டு கைகளை நீட்டினால் இருக்குமே, அந்த இடைவெளி.

"குழியை மூடிரலாம் தம்பி. மண்ணு போட்டுரலாம்" என்றார் பாய்.

சபரி டார்ச்சை இன்னும் தாழ்த்திப் பிடித்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. பயம் அவனுக்குப் பழகின சட்டை, அதைப் போட்டுக்கொண்டேதான் எல்லா வேலையும் செய்வான். ஆனால் அந்த இரண்டு வட்டங்களையும் பார்க்கப் பார்க்க, அவற்றின் மேல் மண்ணைக் கொட்டுவதை நினைக்க முடியவில்லை. முன்பு மேலே நின்றவர்கள் செய்தது சரிதான். சரியானதைச் செய்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கேட்டவள் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள்.

வேலங்காய் பறிக்கிற நீளத் தொரட்டி ஒன்று மரத்தில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து மெல்ல உள்ளே இறக்கினான்.

"கை குடுக்க மாட்டனுங்க. எனக்குப் பயம். ஊட்டுல ஆளுக இருக்காங்க" என்று குழிக்குள் பார்த்துச் சொன்னான். இப்படிப் பேசுவதை நினைத்து அவனுக்கே வெட்கமாயிருந்தது. "இதைப் புடிச்சுக்கங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு தொரட்டி ஆடியது. உறுதியாக இருக்கிறதா என்று யாரோ சோதித்துப் பார்ப்பது போல.

பிறகு பாரம் ஏறியது.

சபரியின் கால்கள் மண்ணில் சறுக்கின. மோகன் ஓடிவந்து அவன் பின்னால் நின்று தொரட்டியைப் பிடித்தான். இருவரும் இழுத்தார்கள். ஓர் ஆள் பாரம். மூங்கில் வளைந்து முறுக்கியது. "மெதுவா, மெதுவா வாங்க" என்று சபரி சொல்லிக்கொண்டேயிருந்தான், கிணற்றில் விழுந்த குழந்தையிடம் சொல்வது போல. பாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. விளிம்புக்கு வந்தது.

இல்லாமல் போயிற்று.

இருவரும் பின்னால் விழுந்தார்கள். தொரட்டியின் கொக்கியில் இரண்டு பட்டைகள் பூட்டியபடியே தொங்கின. குழியின் விளிம்பில், காய்ந்த கல்லின் மேல், வெள்ளையாக இரண்டு உள்ளங்கைத் தடம்.

பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். தூரத்தில் நின்ற மயிலம்மாள் கேட்டாள், "போயிட்டாளாங் சார்?"

சபரி மண்ணைப் பார்த்தான். உள்ளங்கைத் தடத்துக்கு அடுத்து ஒரு பாதத் தடம். அதற்கடுத்து இன்னொன்று. ஈரமாக, சின்னதாக, களத்தைத் தாண்டி, அவை ஆலைக்குள் போயிருந்தன.

"வந்துட்டாங்க" என்றான்.

அதற்குப் பிறகு பழைய குழிக்கு மண் போட்டார்கள். பெண்கள் பொங்கல் வைத்துப் படைத்தார்கள். பாய் தன் வழக்கப்படி துவா செய்தார். சபரி தஹ்சீனிடம் தன் பயிற்சியின் பெருமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் பட்டையில் ஓய்வு நேரத்துக்கென்று ஒரு மாற்றம் செய்து கொடுத்தாள். அமுக்கிவிட்டுச் சோற்று வேளையில் கொட்டகையில் தூங்கலாம், ஒலிபெருக்கி வாயைத் திறக்காது. தூங்க விட்டால் எங்களுக்கு ஏன் ஆடு என்று மயிலம்மாள் கேட்டாள். முதல் நாளே தன்னைக் கேட்டிருந்தால் இத்தனை வராது என்றாள். சபரி தலையாட்டினான். அவளைக் கேட்கத் தோன்றாதது அவன் தப்புதான். மோகனின் அரிப்புக்குத் துணி வார் வந்தது. புதுத் தொட்டியும் கட்டி முடிந்தது, இரும்பு மூடியோடு.

மோகன் சில நாள் அடங்கி இருந்தான். சில நாள்தான்.

மாசி மாதத்து வெயில். சபரி அலுவலக வாசலில் உட்கார்ந்து ஆட்களுக்குக் கையுறை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். புதுத் தொட்டிப் பக்கம் ஏதோ இரும்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். தொட்டி மூடி திறந்து கிடந்தது. தனியாக, யாரையும் கூப்பிடாமல், மோகன் ஒரு காலை ஏணியில் வைத்திருந்தான். அடைப்பு எடுக்கிற கம்பி இடது கையில்.

"மாப்ள!"

கத்திக்கொண்டே சபரி ஓடினான். களம் அவ்வளவு நீளம் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. ஒரு நிமிட வேலைதான் என்று மோகன் நினைத்திருப்பான், அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எட்டமாட்டோம் என்று தெரிந்தது. ஓடினான்.

மோகன் இறங்கவில்லை.

ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நின்றான். அவனுடைய வலது கை மட்டும் பின்பக்கமாக, விறைப்பாக நீண்டிருந்தது. தோள் மூட்டு பிதுங்கித் தெரிந்தது.

"உடுங்க மச்சான்" என்றான், திரும்பிப் பார்க்காமல். சிரிப்பும் கோபமும் கலந்திருந்தது குரலில். "உடுங்கன்னா. நான் இறங்கலீங், போதுமா? கை வலிக்குது."

சபரி நின்றுவிட்டான். அவனுக்கும் மோகனுக்கும் நடுவே இன்னும் அரைக் களம் கிடந்தது.

"மாப்ள" என்றான் மெதுவாக. "நான் இங்க இருக்கேன்."

குரல் வந்த தூரம் மோகனுக்கு உறைத்தது. கம்பி கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்து, சற்றுக் கழித்து அடியில் சத்தம் கேட்டது. உள்ளே இருந்த காலை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தான். இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகுதான், நீண்டிருந்த கை மெல்லத் தாழ்ந்தது. தூங்குகிற குழந்தையின் கையை யாரோ பாயில் பதமாக வைப்பது போல.

சபரி பக்கத்தில் போய் அந்த மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். துணி வாருக்கு மேலே, வெயிலில் காயக் காய வெளுத்துக்கொண்டு, மாவுப்பாலில் தோய்ந்த விரல்களின் தடம்.

கட்டைவிரல் இருந்த இடம் மட்டும் காயவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது இன்னொருமுறை லேசாக அழுந்தியது.